கொண்டலா, வாடையா? கொங்குநாட்டில் புயலையும் பனியையும் படிப்பது

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தேங்காய்க் களம் வைத்திருப்பவர்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் தூக்கம் கெடும் மாதங்கள். உடைத்த தேங்காயைக் களத்தில் பரப்பி, நாலைந்து வெயில் காட்டினால்தான் பருப்பு கொப்பரையாகும். அரைகுறையாகக் காய்ந்த நேரத்தில் ஒரு மழை விழுந்துவிட்டால் பருப்பு பூசணம் பிடித்துக் கறுத்துவிடும், அப்புறம் விலை சொல்லவே கூச்சமாக இருக்கும். அதனால் வங்கக்கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது என்று செய்தியில் சொன்ன நாளிலிருந்து, பக்கத்துக் களத்துக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்: "ஏனுங் தம்பி, நம்ம பக்கம் வருமுங்களா?"

வானிலை அறிக்கையில் எல்லாம் இருக்கும், இந்த "நம்ம பக்கம்" மட்டும் நேராக இருக்காது. புயலின் பெயர் இருக்கும், கடலில் எங்கே நிற்கிறது என்று இருக்கும், எங்கே கரை கடக்கும் என்று இருக்கும். கரையிலிருந்து 250, 300 கிலோமீட்டர் உள்ளே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் நமக்கு அதில் என்ன பங்கு என்பதை நாமே படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதைப் படிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. அது நம் முன்னோர் காற்றுக்கு வைத்த பெயர்களிலேயே பாதி இருக்கிறது.

வடக்கிலிருந்து வந்தால் வாடை. கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சீறிக்கொண்டு வந்து பல்லடம், உடுமலைப்பேட்டைக் காற்றாலைகளைச் சுழற்றுவது மேற்கே இருந்து வரும் காற்று. அது தன் ஈரத்தையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு வருவதால் நமக்குக் காற்றுதான் மிச்சம், மழை கொஞ்சம்தான். ஐப்பசி பிறக்கும்போது காற்று மாறும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாள் அக்டோபர் 20. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் பாதிக்குச் சற்றுக் குறைவு, அதாவது சராசரியாக 44 செ.மீ., அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில்தான் கிடைக்கிறது. அந்த மூன்று மாதமும் நமக்குள்ள கேள்வி, அடிப்பது கொண்டலா, வாடையா என்பதுதான். இரண்டும் "வடகிழக்கு" என்ற ஒரே பெயருக்குள் இருந்தாலும், கொண்டல் கடல் ஈரத்தைச் சுமந்து வருகிறது, வாடை நிலத்தின் மேலேயே நடந்து வறண்டு வருகிறது.

சரி, கடலில் ஒரு புயல் இருந்தால் நம் ஊர்க் காற்று எப்படி மாறும்? அங்கிருந்து தொடங்குவோம்.

ஓரிடத்தில் காற்றின் அழுத்தம் குறைந்தால் சுற்றிலும் உள்ள காற்று அதை நோக்கி ஓடிவரும். பூமி சுழல்வதால் அது நேராகப் போகாமல், நம் வட அரைக்கோளத்தில் வலப்பக்கமாக விலகும். எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும் காற்று இப்படி விலகி விலகிப் போனால் நடுவில் ஒரு சுழல் உண்டாகும். மேலிருந்து பார்த்தால் அது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். இதிலிருந்து வருவதுதான் 1857-ல் நெதர்லாந்து வானிலை அறிஞர் பைஸ் பாலட் சொன்ன விதி: காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், குறைந்த அழுத்தம் உங்கள் இடது கைப் பக்கம் இருக்கும். தரைக்கு அருகில் மரமும் வீடும் காற்றைத் தடுப்பதால், சரியாக இடது கையில் இல்லாமல் கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கும். அவ்வளவுதான்.

இதைக் களத்தில் நின்றே செய்து பார்க்கலாம். வாடை அடிக்கிறது என்று வையுங்கள். வடக்கே முதுகைக் காட்டித் தெற்கே பார்த்து நில்லுங்கள். இடது கை கிழக்கே நீளும். அப்படியானால் தாழ்வுப் பகுதி நமக்குக் கிழக்கே, வங்கக்கடலில், டெல்டா கரைக்கு நேராக எங்கோ இருக்கிறது. இன்னும் அது முடிவு செய்யவில்லை, நாமும் முடிவு செய்ய முடியாது. அடுத்த அரை நாளில் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும்.

வடக்கிலிருந்து வடகிழக்காகி, அப்புறம் நேர் கிழக்கு என்று கொண்டலாக மாறினால், இப்போது நீங்கள் மேற்கைப் பார்த்து நிற்பீர்கள், இடது கை தெற்கே நீளும். புயல் நமக்குத் தெற்கே, மன்னார் வளைகுடா, குமரிக்கடல் வழியாகப் போகிறது. கடல் ஈரம் முழுவதும் டெல்டாவைத் தாண்டி, கரூர் வழியாக நம் மேல் வந்து, மேற்கே உள்ள மலையில் முட்டும். இதுதான் கொங்குநாட்டுக்கு மழை. தார்ப்பாயை எடுக்க வேண்டிய நேரம்.

அதற்கு மாறாக வடக்கிலிருந்து வடமேற்காகி மேற்கே திரும்பினால், இடது கை வடகிழக்கைக் காட்டும். புயல் சென்னை, ஆந்திரா என்று மேலே ஏறுகிறது. அது போகும்போது நம் பக்கத்துக் காற்றையும் உறிஞ்சிக்கொண்டு போகும். நிலத்தின் மேல் வந்த வறண்ட காற்றுதான் நமக்கு மிஞ்சும். சென்னையில் படகு ஓடும் நாளில் நம் ஊரில் பளீரென்று வெயில் அடிப்பது இதனால்தான். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்துவிட்டு டிசம்பர் 5 அன்று ஆந்திராவில் பாபட்லா அருகே கரை கடந்தது. அந்தப் பாதையை வரைபடத்தில் வைத்து இடது கை விதியைப் போட்டுப் பாருங்கள், நமக்கு ஏன் அதில் பெரிய பங்கு இல்லை என்பது விளங்கும்.

இந்த விதியை மலை இடுக்கிலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் நின்று பார்க்கக் கூடாது. அங்கே காற்று வளைந்து வரும். கணவாய்க்கு நேராக உள்ள ஊர்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. அந்த இடங்களில் தரைக் காற்றை விட்டுவிட்டு, தாழ்வாகப் போகும் மேகம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பதே சரி. பஞ்சுப் பொதி மாதிரி கீழே ஓடும் மேகத்தைத்தான் சொல்கிறேன். உயரத்தில் கோழி இறகு போல இழைந்து நிற்கும் மேகம் வேறு காற்றில் போகிறது, அது குழப்பிவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பனிப்புயல் படங்களில் உள்ள புயலும் நம் கார்த்திகைப் புயலும் ஒரே சாதி இல்லை. அங்கே துருவத்துக் குளிர்க் காற்றும் தெற்கத்திச் சூடான காற்றும் எதிரெதிராக மோதும் எல்லையில் புயல் பிறக்கிறது. வெப்ப வித்தியாசம்தான் அதற்குத் தீனி. நம் புயலுக்குத் தீனி கடலின் சூடு. கடல் மேற்பரப்பு ஏறக்குறைய 26.5 டிகிரிக்கு மேல் இருந்தால், ஆவியாகி மேலே போகும் நீர் மேகமாகும்போது தன் வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தூக்குகிறது, கீழே அழுத்தம் இன்னும் குறைகிறது. அதனால்தான் நம் புயல் கரை ஏறியதும் தீனி தீர்ந்து இளைத்துப்போகிறது, கொங்குநாட்டுக்குள் வரும்போது பெரும்பாலும் காற்று அடங்கியே வருகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய கஜா, டெல்டாவில் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. அதுவே திண்டுக்கல்லைத் தாண்டும்போது புயல் என்ற தகுதியை இழந்துவிட்டது. ஆனால் மழை அப்படி இளைப்பதில்லை. இதைத்தான் பலரும் கவனிக்கத் தவறுகிறார்கள்.

செய்தியில் வரும் பட்டங்களைப் பார்த்து நாம் ஏமாறுவதும் இதனால்தான். காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், புயல் என்று வரிசையாகச் சொல்வார்கள். இவை எல்லாமே காற்றின் வேகத்தை வைத்துக் கொடுக்கும் பட்டங்கள். சுழற்சியில் மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் குறைவாகக் காற்று வீசினால் தாழ்வுப் பகுதி, 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-ஐத் தொட்டால் புயல். மழை எவ்வளவு என்று இந்தப் பட்டங்களில் ஒரு வார்த்தைகூட இல்லை. 2023 மார்கழி முதல் நாளும் இரண்டாம் நாளும் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்போது கடலில் புயலும் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை. குமரிக்கடல் பக்கம் ஒரு வளிமண்டலச் சுழற்சி மட்டும்தான் இருந்தது. "கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை" என்று நம்பி அறுவடைக்குத் தயாராகும் வழக்கம் நமக்கு உண்டு. அந்தச் சொலவடை பெரும்பாலான வருஷங்களுக்குப் பொருந்தும், எல்லா வருஷத்துக்கும் பொருந்தாது.

நம் மலையிலும் இப்படி நடந்திருக்கிறது. 2009 நவம்பர் இரண்டாம் வாரம் குன்னூர், கேத்தி பக்கம் நிலம் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீ.-க்கு மேல் மழை. கொண்டல் ஈரத்தோடு வந்து, குன்னூர், கோத்தகிரி என்று கிழக்கைப் பார்த்த சரிவில் முட்டி, மேலே ஏறி, ஏறும்போது குளிர்ந்து, மொத்தத்தையும் அங்கேயே கொட்டிவிடும். மேட்டுப்பாளையம் - குன்னூர் மலை ரயிலை ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கடி நிறுத்திவைப்பதற்குக் காரணமும் அந்தச் சரிவுதான். கூடலூர், அவலாஞ்சி பக்கம் ஆடியில் பேயாகப் பெய்யும், குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசியில் பெய்யும். ஒரே மாவட்டம்தான், முகம் பார்க்கும் திசை மட்டும் வேறு.

இனி, முன்னறிவிப்பு ஏன் நாளுக்கு நாள் மாறுகிறது என்பதற்கு வருவோம். "நேத்து ஒண்ணு சொன்னாங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றாங்க" என்பது நம் ஊர் டீக்கடையில் தினமும் கேட்கும் புகார். எனக்கு அந்தப் புகாரில் உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

1961-ல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க வானிலை அறிஞர் தன் கணினியில் ஒரு சின்ன வானிலைக் கணக்கை மறுபடி ஓட்டிப் பார்த்தார். முதல் முறை இயந்திரத்துக்குள் இருந்த எண் 0.506127. இரண்டாம் முறை அச்சுத்தாளைப் பார்த்து 0.506 என்று கொடுத்தார். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத வித்தியாசம். கொஞ்ச நாளைக்கு இரண்டு கணக்கும் ஒன்றாகவே போயின. பிறகு மெல்ல விலகி, கடைசியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வானிலைகளாக முடிந்தன. இன்றைய காற்றை நாம் எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் அளக்காத இடம் எங்காவது இருக்கும், அதிலும் கடல் நடுவே நிறையவே இருக்கும். அந்தச் சின்னக் குறைதான் நாலாம் நாளில் நூறு கிலோமீட்டர் தவறாக வளர்ந்து நிற்கிறது.

கீழ்பவானி வாய்க்காலில் வேப்பிலை விட்டு விளையாடாத பிள்ளை உண்டா? பாலத்தின் மேலிருந்து ஒரே இடத்தில் பத்து இலையைப் போடுங்கள். முதல் பத்தடி எல்லாம் கூட்டமாகப் போகும். மதகுக்குப் பக்கத்துச் சுழியில் இரண்டு சிக்கிக்கொள்ளும், நாலு இடது கரை ஓரம் ஒதுங்கும், மிச்சம் நடுநீரில் போகும். ஒற்றை இலையைப் போட்டுவிட்டு அது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பத்தைப் போட்டால், பெரும்பாலானவை எந்தக் கரைக்குப் போகும் என்று சொல்லலாம். இன்றைய வானிலை மையங்கள் செய்வதும் இதைத்தான். ஐரோப்பிய மையம் ஒரே நேரத்தில் 51 கணக்குகளை, தொடக்க எண்ணை இம்மியளவு மாற்றி மாற்றி ஓட்டுகிறது. அந்த 51 கோடுகளும் வரைபடத்தில் ஒரே கட்டாக வந்தால் நம்பிக்கை அதிகம். சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் வரை விசிறி மாதிரி விரிந்தால், இப்போதைக்கு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று அர்த்தம். அப்படி விரிந்த நாளில் ஒருவர் ஒற்றைக் கோட்டைக் காட்டி "கோவையில் வியாழக்கிழமை புயல்" என்று யூட்யூபில் சொன்னால், அவர் பத்து இலையில் ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டுகிறார். தயவுசெய்து அதை நம்பிப் பருப்பை அரை விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். ஒரு வருஷம் நான் அப்படிச் செய்தேன். அந்த வாரம் முழுக்க வெயில் அடித்தது.

நம் நாட்டு வானிலைத் துறையின் புயல் பாதைக் கணிப்பு, சமீப ஆண்டுகளின் சராசரியில், ஒரு நாள் முன்னே சொல்லும்போது 70, 80 கிலோமீட்டர் அளவுக்குத் தவறுகிறது. மூன்று நாள் முன்னே சொல்லும்போது அதைப்போல் இரண்டு மடங்கு. கடலின் அளவுக்கு இது மிக நல்ல கணிப்பு, இருபது வருஷத்துக்கு முன் இதைக் கனவிலும் எதிர்பார்த்திருக்க முடியாது. ஆனால் 80 கிலோமீட்டர் என்பது கோவையிலிருந்து பெருந்துறை வரை. அந்தத் தூரத்துக்குள் நமக்கு எல்லாமே மாறிவிடும்.

2024-ல் வந்த ஃபெஞ்சல் இதற்கு நல்ல பாடம். புயலாகும் என்றார்கள். அப்புறம், ஆகாது, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கரை கடக்கும் என்றார்கள். நவம்பர் 29 பிற்பகலில் புயலாகிவிட்டது. 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை ஏறி, நகராமல் அங்கேயே பல மணி நேரம் நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 50 செ.மீ.-ஐ ஒட்டி மழை. எல்லோரும் கரையையே பார்த்துக்கொண்டிருந்தபோது அது இளைத்து மேற்கே நகர்ந்தது. டிசம்பர் 2 காலை முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. கோவையில் வருஷம் முழுக்கப் பெய்வதே 60, 70 செ.மீ. தான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொங்குநாட்டின் வடகிழக்கு ஓரம் மிதக்கும்போது பொள்ளாச்சிப் பக்கம் அப்படி ஒன்றும் இல்லை. பாதை நமக்கு வடக்கே போனது. இடது கை விதியின்படி அது வேறு எப்படியும் இருந்திருக்க முடியாது.

அறிக்கையில் வரும் சொற்களுக்கும் அளவு உண்டு. "ஓரிரு இடங்களில்" என்றால், அந்தப் பகுதியில் மழைமானி உள்ள நூறு இடங்களில் 25-க்கு மேல் போகாது. "ஒருசில இடங்களில்" என்றால் 50 வரை. "அநேக இடங்களில்" 75 வரை, "பெரும்பாலான இடங்களில்" அதற்கும் மேல். ஆகவே "கோவை, திருப்பூர் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் மிதமான மழை" என்று படித்துவிட்டு, நம் களத்தில் பெய்யவில்லை, பொய் சொல்லிவிட்டார்கள் என்றால் அது படித்தவரின் பிழை. நாலில் மூன்று பேருக்குப் பெய்யாது என்றுதான் அதிலேயே எழுதியிருக்கிறது. அதேபோல் கனமழை என்றால் 7 முதல் 11 செ.மீ., மிக கனமழை 12 முதல் 20, அதற்கு மேல் அதி கனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் வரும். ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் 40,000 லிட்டர் தண்ணீர். ஆரஞ்சு என்று சொல்லும்போது இந்தக் கணக்கை மனதில் வைத்து வாய்க்காலை வெட்டி விடுங்கள். விவசாயத்துக்கென்றே பார்ப்பவர்கள் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆராய்ச்சி மையம் வெளியிடும் அறிவிப்பைச் சேர்த்துப் படிக்கலாம். மருந்து அடிக்கலாமா, உரம் போடலாமா என்பது வரை அதில் வரும்.

புயல் போனபின் வருவது பனி. இதை மக்கள் தனிக் கதையாக நினைக்கிறார்கள். உண்மையில் இது அதே கதையின் அடுத்த பக்கம்.

நம் ஊரில் இரண்டு விதக் குளிர் உண்டு. மேகம் மூடி, தூறல் போட்டு, பகல் முழுக்க வெயிலே ஏறாமல் ஊதக்காற்றில் நடுங்குவோமே, அது புயல் கொண்டுவரும் குளிர். அன்று பகல் வெப்பம் குறைவாக இருக்கும், ஆனால் ராத்திரி பெரிதாக இறங்காது. மற்றொன்று, வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும் மார்கழி, தை ராத்திரிகளின் குளிர். பகலில் நல்ல வெயில், விடியற்காலையில் பல் கிட்டும். முதல் குளிருக்கு மேகம் காரணம், இரண்டாவது குளிருக்கு மேகம் இல்லாதது காரணம்.

எப்படி என்பதை வாசலில் நிற்கும் வண்டியே சொல்லும். ராத்திரி ஒரு டிவிஎஸ் 50-ஐ வேப்பமரத்தடியிலும் இன்னொன்றைத் திறந்த வாசலிலும் நிறுத்துங்கள். காலையில் வாசல் வண்டியின் சீட் நனைந்து சொட்டும், மரத்தடி வண்டி காய்ந்தே இருக்கும். வானத்திலிருந்து எதுவும் விழவில்லை. ஒவ்வொரு பொருளும் ராத்திரி தன் வெப்பத்தை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மேலே மரக்கிளையோ மேகமோ இருந்தால் அது கொஞ்சம் வெப்பத்தைத் திருப்பித் தரும், போர்வை மாதிரி. திறந்த வானம் எதையும் திருப்பித் தராது. அதனால் சீட் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோய், காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் நீராகப் படிகிறது. களத்தில் மழையே இல்லாத ராத்திரியிலும் நாங்கள் பருப்பின் மேல் தார்ப்பாய் போடுவது இதற்காகத்தான்.

ஈரம் எந்த வெப்பநிலையில் நீராகப் படியத் தொடங்குமோ அதற்குப் பனிநிலை (dew point) என்று பெயர். கைபேசி வானிலைச் செயலிகளில் இந்த எண்ணும் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. காற்று அசையாத, மேகம் இல்லாத ராத்திரியாக இருந்தால் மாலையில் காட்டும் பனிநிலைதான் ஏறக்குறைய மறுநாள் விடியற்காலைக் குளிர். ஏனென்றால் நீர் படியத் தொடங்கியதும் அதிலிருந்து வெப்பம் வெளிவரும், அதற்குக் கீழே குளிர் இறங்குவது கஷ்டப்படும். மாலை 6 மணிக்குப் பனிநிலை 18 என்றால் காலையும் 18-ஐ ஒட்டித்தான். வடக்கிலிருந்து வறண்ட காற்று இறங்கி அது 12-க்குப் போயிருந்தால், விடியற்காலையில் கம்பளி தேட வேண்டியதுதான்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு புயல் வங்கக்கடலில் வடக்கே ஏறிப்போகிறது. நமக்கு வாடை அடித்து, வடமேற்காகத் திரும்புகிறது. மழை இல்லை, மேகம் கலைகிறது, காற்று வறள்கிறது, பனிநிலை இறங்குகிறது. சுழற்சி தூரமாகப் போனதும் காற்றும் ஓய்ந்துவிடும். அன்று ராத்திரி ஊட்டியில் உறைபனிக்கு எல்லாம் தயார்.

ஊட்டிக்காரர்கள் நீர்ப்பனி, உறைபனி என்று பிரித்துச் சொல்வார்கள். முதலில் நீர்ப்பனி வரும், அப்புறம் உறைபனி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அதற்குக் காலம். தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி என்று பள்ளமான இடங்களில்தான் வெள்ளை விரிப்பு முதலில் விழும். உயரத்தில்தானே குளிர் அதிகம் என்று கேட்கலாம். மலை ஏறினால் கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி குறைவது உண்மைதான். ஆனால் காற்று அசையாத ராத்திரியில் குளிர்ந்த காற்று கனமாகித் தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து, பள்ளத்தில் குட்டையாகத் தேங்கும். மேலே உள்ள சரிவைவிடக் கீழே உள்ள புல்வெளி அதிகம் குளிரும். செய்தித்தாளில் "ஊட்டியில் 3 டிகிரி" என்று போட்ட அன்றே புல்லெல்லாம் உறைந்து கிடப்பதும் புதிர் இல்லை. வெப்பமானி இருப்பது நெஞ்சளவு உயரத்தில் ஒரு வெள்ளை மரப்பெட்டிக்குள். புல் நுனி திறந்த வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. அங்கே அதைவிடச் சில டிகிரி குறைவு, சுழியத்துக்கும் கீழே. தேயிலைக் கொழுந்து கருகுவது அந்த உயரத்தில்தான். பெட்டிக்குள் இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு "இன்னும் மூணு டிகிரி இருக்கே" என்று சும்மா இருந்தால் தோட்டம் போய்விடும்.

காலநிலை மாறுகிறதா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. வருஷத்துக்கு வருஷம் வரும் ஏற்ற இறக்கத்துக்குப் பல காரணம். பசிபிக் கடல் சூடாகும் எல் நினோ வருஷங்களில் நம் ஐப்பசி மழை பெரும்பாலும் நன்றாக இருக்கும், அது குளிரும் லா நினா வருஷங்களில் பெரும்பாலும் குறையும். 2016-ல் பருவமழை 62 சதவீதம் பொய்த்தது, அடுத்த வருஷம் தென்னைகள் மட்டை தொங்கி நின்ற காட்சியை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஆனால் 2021-ம் லா நினாதான், அந்த வருஷம் கொட்டித் தீர்த்தது. பெரும்பாலும் என்பது எப்போதும் ஆகாது. இதற்குள் 30 முதல் 60 நாளுக்கு ஒருமுறை பூமத்தியரேகையைச் சுற்றி வரும் மேகக்கூட்டம் ஒன்று உண்டு, 1971-ல் மேடன், ஜூலியன் என்ற இருவர் கண்டுபிடித்தது. அது இந்தியப் பெருங்கடலுக்கு வரும் வாரங்களில் புயல் பிறக்க வாய்ப்பு கூடும். பருவமழை விட்டு விட்டுப் பெய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு அடியில் மெதுவாக நகர்வது வெப்பமயமாதல். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது கூடுதலாகக் கொட்டும். இந்தப் பக்கம் மேகமில்லாத ராத்திரி குளிரத்தான் செய்யும், வறண்ட வாடை வந்தால் ஊட்டி உறையத்தான் செய்யும். ஒரு தை மாதம் நடுங்கிவிட்டது என்பதற்காக பூமி சூடாகவில்லை என்று சொல்ல முடியாது. அதேபோல் ஒரு மார்கழியில் பனி இல்லை என்பதற்காக எல்லாம் முடிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. முப்பது வருஷத்தைச் சேர்த்து வைத்துப் பார்க்கும் விஷயம் அது.

போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம் பக்கத்துக் களத்துக்காரர் தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். வானம் பாதி மூடியிருந்தது, தொலைக்காட்சியில் புயல் சுற்றிக்கொண்டிருந்தது. அவரைக் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னேன். இடது கையை நீட்டினார். அது சென்னிமலைப் பக்கம், வடக்கே காட்டியது. "மேலே போகுதுங்க மாமா. மழை வராதுங்க. ஆனா ராத்திரி பனி இறங்கும், மூடாம விட்றாதீங்க."

அவர் தார்ப்பாயை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்துவிட்டுப் போனார். காலையில் மேல்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. கீழே பருப்பு காய்ந்தே இருந்தது.